இரண்டு கதவும் ஒரே நாற்காலியும்

நெருங்கி வந்து உட்காருங்கள், என் செல்லங்களே. பல் வலிக்கிறவர்கள் கன்னத்தைக் கையில் ஏந்திக்கொண்டே வாருங்கள். பல்லே இல்லாதவர்கள் இன்னும் முன்னால் வாருங்கள். கடிக்க வேண்டிய கதை இல்லை இது, விழுங்கினாலே போதும். எங்கள் லுகோவ்ஸ்க் நகரத்து அரசு மருத்துவமனையில் ஒரே பல்லைக் காலையில் சாகடித்து, மாலையில் பிழைக்கவைத்த அதிசயத்தைச் சொல்லப்போகிறேன். அடுப்பில் தேநீர் கொதித்தால் கொதிக்கட்டும். கதை முடிகிற வரையில் யாரும் எழுந்திருக்க வேண்டாம்.

ரிம்மா சவேலியெவ்னாவை எங்கள் ஊரில் முகம் பார்த்து அறிந்தவர்கள் கொஞ்சம்பேர்தான். குரல் கேட்டு அறியாதவர் ஒருவரும் கிடையாது. பஸ் நிலையத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் மைக்கின் முன்னால் உட்கார்ந்திருப்பாள். "சோஸ்னோவ்கா செல்லும் பேருந்து மூன்றாம் மேடையில் நிற்கிறது" என்று அவள் சொன்னால், நிலையத்தில் தூங்கிக்கொண்டிருப்பவன்கூட மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவான். வெண்ணெய் தடவிய குரல். கணவன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளைகள் தூர நகரங்களில். பென்ஷனுக்கு இன்னும் சில வருஷங்கள் பாக்கி. அந்தக் குரல்தான் அவளுக்குச் சம்பளம், வாடகை, குளிர்காலத்துக்கு விறகு, எல்லாமே.

அந்த மார்கழிக் குளிரில், கூண்டுக்குள் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தவளுக்கு மேல்வரிசை முன்பல் பாதியாக உடைந்து கையில் வந்தது. மிச்சப் பாதி வலிக்க ஆரம்பித்தது. வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் உடைந்த இடத்தின் வழியே காற்று புகுந்து, 'ஸ' வரும் இடத்திலெல்லாம் விசில் அடித்தது. எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்களைப் பற்றித் தெரியுமல்லவா? சோஸ்னோவ்கா, ஸெலோ ஸ்பாஸ்கோயே, ஸுகோய் ஸாத். ஒரு பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று விசில். மேடையில் படுத்திருக்கும் தெருநாய் ஒவ்வொரு அறிவிப்புக்கும் எழுந்து வாலை ஆட்டியது.

நிலையத் தலைவன் வதீம் இளைஞன். புதுசாகப் பதவிக்கு வந்தவன்.

"ரிம்மா சவேலியெவ்னா, என்னை மன்னிச்சிடுங்க. ஆனா சனங்க சிரிக்கிறாங்க. தலைநகரத்துலேர்ந்து பதிவு பண்ணின குரல் ஒண்ணு வந்திருக்கு. பொம்பளைக் குரல்தான், இனிமையாதான் இருக்கு. சனிக்கிழமை வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள சரி பண்ணிடுங்க."

"அந்தப் பொம்பளைக்கு ஸ்பாஸ்கோயே எங்க இருக்குன்னு தெரியுமா?"

"தெரியாது. ஆனா விசில் அடிக்க மாட்டா."

ஆக, சனிக்கிழமைக்குள் அந்தப் பல் பிழைக்க வேண்டும். பிடுங்கினால் தீர்ந்தது, இலவசமாகச் செயற்கைப் பல் கட்ட வேண்டுமென்றால் நம் ஆயுளில் ஒரு பங்கை வரிசையில் நின்றே கழிக்க வேண்டும். அதற்குள் அந்தத் தலைநகரத்துப் பெண் கூண்டுக்குள் குடியேறிவிடுவாள்.

இப்போது மருத்துவமனையைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் அதன் தலைமை மருத்துவர் கென்னாதி பாவ்லவிச்சையும் சொல்ல வேண்டும். நாக்கு கசக்கிறது, இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். கை குலுக்க நீட்டினால் இரண்டு விரலை மட்டும் கொடுப்பவர். முழுக்கையும் கொடுத்தால் தேய்ந்துவிடுமோ என்னவோ. குளிர்காலத்திலும் நடைக்கூடத்தில் அவர் வருவதற்கு முன்பே சென்ட் வாசனை வந்துவிடும், நாற்பது அடி முன்னால். நோயாளிகளை 'ஜனத்தொகை' என்றுதான் சொல்வார். "இன்று ஜனத்தொகை அதிகம்" என்பார், ஏதோ கரப்பான்பூச்சி வந்ததைப் போல.

பல் மருத்துவத்துக்கு எங்கள் மருத்துவமனையில் ஒரே அறை. அரசாங்கம் கொடுத்த ஒரே நாற்காலி, ஒரே குடையும் இயந்திரம், விளிம்பில் விரிசல் விட்ட ஒரே துப்பும் கிண்ணம், ஒரே மருத்துவர் நெல்லி மார்கவ்னா. அறைக்குக் கதவும் ஒன்றுதான் இருந்தது. கென்னாதி பாவ்லவிச் வந்து எதிர்ச்சுவரை உடைத்து இன்னொரு கதவு வைத்தார். அந்தக் கதவுக்கு நாடா கட்டிக் கத்தரிக்கோலால் வெட்டித் திறப்பு விழா நடத்தினார்! கதவுக்குத் திறப்பு விழா. பத்திரிகைக்காரர் வந்து படம் எடுத்தார். புதுக் கதவுக்குப் பின்தெரு வழியாகத் தனி வாசல். உள்ளே தோல் மாதிரி மினுங்கும் சோபா, மீன் தொட்டி, பிளாஸ்டிக் பனைமரம், தட்டில் புதினா மிட்டாய். கதவின் மேல் 'புன்னகை' என்று பொன்னிற எழுத்தில் பலகை. காசு கொடுத்தால் அந்தப் பக்கம். காசு இல்லாவிட்டால் பழைய பக்கம்: எண்ணெய்ப் பச்சை அடித்த சுவர், நடுவில் ஒரு மரச்சட்டம் உடைந்துபோன பெஞ்சு.

நாற்காலி அரசாங்கத்துடையது, மின்சாரம் அரசாங்கத்துடையது, மருத்துவர் அரசாங்கத்திடம் சம்பளம் வாங்குபவர். கென்னாதி பாவ்லவிச் தன் கையால் போட்டது ஒரு பனைமரம், அதுவும் பிளாஸ்டிக்.

இரண்டு கதவும் ஒரே அறைக்குத்தான் போகிறது என்று ஊரில் யாருக்குத் தெரியாது? எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாரும் பார்த்ததில்லை. ஒரு கதவு திறந்திருக்கும்போது மறு கதவு தாழிட்டிருக்கும். தெரிவது வேறு, பார்ப்பது வேறு, என் கண்ணுகளா.

வியாழக்கிழமை விடியும் முன்பே ரிம்மா மருத்துவமனை வாசலில் போய் நின்றாள். பனி கொட்டியது. இருட்டில் நாலைந்து உருவங்கள்.

"யார் கடைசி?" என்று கேட்டாள்.

எங்கள் ஊரில் குழந்தை அம்மா என்று சொல்லக் கற்ற மறுவாரமே இந்தக் கேள்வியைக் கற்றுக்கொள்ளும். ரொட்டிக்கும், உருளைக்கிழங்கு விதைக்கும், செருப்புக்கும், சவப்பெட்டிக்கும் நின்று நின்று ரத்தத்தில் ஊறியது. கடைசி ஆள் 'நான்' என்று பதில் சொன்னால் வரிசை பிறந்துவிட்டது. அதன்பிறகு நீ கடைக்குப் போகலாம், வீட்டுக்குப் போய்ப் பசுவைக் கறந்துவிட்டு வரலாம். உன் இடம் உன்னுடையதுதான். ஊரில் போலீஸை ஏமாற்றியவர்கள் உண்டு, பாதிரியாரை ஏமாற்றியவர்கள் உண்டு. வரிசையை ஏமாற்றிவிட்டுத் தலைநிமிர்ந்து தெருவில் நடந்தவன் கிடையாது.

"எனக்கு முன்னாடி நில்லு, மகளே," என்றார் தாடையைச் சுற்றிக் கம்பளித் துண்டு கட்டியிருந்த மகார் தாத்தா. ஒருகாலத்தில் டிராக்டர் ஓட்டியவர், பஸ் நிலையத்துக்குப் பின்னால் குடியிருப்பவர். "நீ வேலைக்குப் போகணும். எனக்கு வீட்ல என்ன, சுவரைப் பார்த்து முனகணும், அதை இங்கேயும் முனகலாம். நேத்து நீ சோஸ்னோவ்கா பஸ்ஸைக் கூப்பிட்டியே, அந்த விசிலைக் கேட்டு, கெட்டில் கொதிச்சிடுச்சுன்னு நான் ஓடிப்போய் அடுப்பை அணைச்சிட்டேன்."

"சிரிங்க தாத்தா, சிரிங்க. சிரிக்கிறதுக்கு உங்களுக்குத்தான் இன்னும் ரெண்டு பல்லு மிச்சம் இருக்கே."

"மூணு. ஒண்ணு வலிக்குது, அதனால அதை என்னோடதுன்னு ஒத்துக்க மாட்டேன்."

பத்து மணி வாக்கில் ரிம்மாவின் முறை வந்தது. நெல்லி மார்கவ்னா நல்ல பெண்தான், களைத்த பெண். யார் முகத்தையும் பார்ப்பதில்லை. வாயைத் திறக்கச் சொல்லி, கண்ணாடியை விட்டுப் பார்த்தாள்.

"பிடுங்கிடலாம்."

"பிடுங்கறதா? உசுரோட இருக்குற பல்லும்மா, அது. வலிக்குதே!"

"உங்க குரலை எங்கேயோ கேட்டிருக்கேனே..."

"பஸ் நிலையத்துல."

நெல்லி முதல்முறையாக முகத்தைப் பார்த்தாள். "அட! நீங்கதானா அது? நான் தினமும் சோஸ்னோவ்காலேர்ந்து வர்றவ. உங்க குரல் கேட்டுத்தான் சாயந்தரம் ஓடிப்போய் பஸ் ஏறுறேன்."

"அப்போ தெரிஞ்சுக்கோங்க, டாக்டரம்மா. இந்தப் பல்லுதான் எனக்கு ரொட்டி. இதைப் பிடுங்கினா சனிக்கிழமை என்னையும் பிடுங்கிடுவாங்க."

நெல்லியின் கன்னம் சிவந்தது. கருவிகளை எடுத்து வைப்பதுபோல் திரும்பிக்கொண்டாள். "இலவசத்துல எனக்குக் கொடுக்குறது சிமெண்ட்டுதான். முன்பல்லுல சிமெண்ட்டு வச்சா வாசல் கேட்டுக்குப் போறதுக்குள்ள விழுந்துடும். நல்ல மருந்து இல்ல, மரத்துப்போற ஊசி இல்ல, மருந்தை இறுக வைக்கிற நீல விளக்கும் இல்ல..." அவள் பார்வை எதிர்க் கதவைத் தொட்டுவிட்டுத் தரைக்கு இறங்கியது. "மூணு மணிக்கு ஒரு இடம் காலியா இருக்கு, வேணும்னா... அந்தப் பக்கமா..."

"ஓகோ. மூணு மணி வரைக்கும் செத்த பல்லு. மூணு மணிக்கு மேல உயிர் வந்துடும். ஏசு கிறிஸ்துகூடச் செத்த லாசருவை எழுப்ப நாலு நாள் எடுத்துக்கிட்டாரே!"

"என்னைத் திட்டாதீங்க, ரிம்மா சவேலியெவ்னா. நான் வெறும் கைதானே, உத்தரவு மேலேர்ந்து வருது."

ரிம்மா பல்லையும் கோபத்தையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவளுக்கு அடுத்து மகார் தாத்தா துண்டை அவிழ்த்துக்கொண்டு எழுந்தார். கதவு அவர் மூக்குக்கு முன்னால் சாத்திக்கொண்டது. வருகிறவர்களின் கோட்டை வாங்கி மாட்டிவைக்கிற ஷூரா வந்து, எழுதிக் கொடுத்ததை ஒப்பிப்பதுபோல் சொன்னாள்: "டாக்டரம்மா ஒரு வீட்டுக்கு நோயாளியைப் பார்க்கப் போயிட்டாங்க. காத்திருங்க, அவசரம்னா எடுத்துக்குவாங்க."

"எந்தப் பக்கமா போனாங்க? நான் இந்தக் கதவுக்கு முன்னாடிதானே விடியலேர்ந்து இருக்கேன்!" என்றார் தாத்தா.

"எனக்கு என்ன தெரியும். போயிட்டாங்கன்னு சொல்லச் சொன்னாங்க."

தாத்தா பெஞ்சில் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் உட்கார்ந்தார்கள். எங்கள் ஜனங்களுக்குக் கோபம் தெரியாது என்று நினைக்காதீர்கள். வரிசையில் இடம் பிடித்த பிறகு எழுந்து போகத் தெரியாது, அவ்வளவுதான்.

ரிம்மா வீட்டுக்குப் போனாள். குளிர்கால பூட்ஸுக்கென்று தகர டப்பாவில் வைத்திருந்ததை எடுத்தாள். எடுக்கும்போது அந்த மருத்துவமனையை, நாடாவை, கத்தரிக்கோலை, இரண்டு விரலை எல்லாம் ஒன்றொன்றாகப் பெயர் சொல்லித் திட்டினாள். திட்டில் 'ஸ' வந்த இடமெல்லாம் விசில் அடித்தது. அதில் அவளுக்கு இன்னும் கோபம்.

மூன்று மணிக்குப் பின்தெரு வாசலில் நுழைந்தாள். முதலில் பணம் கட்டச் சொன்னார்கள், கட்டினாள். பூட்ஸின் மேல் நீலப் பிளாஸ்டிக் உறை மாட்டச் சொன்னார்கள், மாட்டினாள். கென்னாதி பாவ்லவிச்சின் கண்டிப்பான உத்தரவு அது. சோபா பக்கத்தில் உறை இல்லாமல் அவரே நடக்கமாட்டார். சோபாவில் மூன்றுபேர் இருந்தார்கள். காசு கொடுத்தவர்கள் காட்டும் முகம் காட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்தவள் அல்பினா, மரச்சாமான் கடைக்காரரின் மனைவி, தலையில் நரித்தோல் தொப்பி.

"யார் கடைசி?" என்று பழக்கதோஷத்தில் கேட்டாள் ரிம்மா.

அல்பினா மெல்லச் சிரித்தாள். "இங்க வரிசை எல்லாம் கிடையாதுங்க. இங்க நேரம் குறிச்சுத்தான் வருவாங்க. வரிசை அந்தப் பக்கம்." அந்தப் பக்கம் என்றபோது தொப்பிகூடச் சற்று அருவருப்பாகச் சாய்ந்தது.

ரிம்மாவை முதலில் கூப்பிட்டார்கள். பொன்னெழுத்துக்குக் கீழே இருந்த கதவைத் திறந்து உள்ளே போனவள் அப்படியே நின்றாள். அதே நாற்காலி. அதே விரிசல் விட்ட கிண்ணம். காலையில் தான் துப்பிய கிண்ணம்! வெள்ளை அங்கிக்குப் பதில் ஊதா அங்கி போட்டுக்கொண்டு அதே நெல்லி. காலையில் அவள் நுழைந்த கதவு இப்போது தாழிட்டு, மேலே குதிரைப் படம் போட்ட பெரிய நாள்காட்டி ஒன்று மாட்டி மறைக்கப்பட்டிருந்தது.

"உக்காருங்க," என்றாள் நெல்லி, கண்ணைப் பார்க்காமல். ரிம்மா வாயைத் திறந்தாள். நெல்லி பார்த்தாள். "வேர் நல்லா இருக்கு. காப்பாத்திடலாம்."

"நினைச்சேன்," என்றாள் ரிம்மா. அதற்குமேல் பேச விடாமல் பஞ்சு வந்து வாயில் அடைந்தது.

ஊசியும் இருந்தது, மருந்தும் இருந்தது. விளக்கும் இருந்தது, அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். உதடும் மூக்கும் மரத்துப்போயின. நெல்லி குடைய ஆரம்பித்தாள். ஆரம்பித்த மறுகணம் குதிரைப் படத்துக்குப் பின்னாலிருந்து தட்டும் சத்தம்.

"டாக்டரம்மா! வந்துட்டீங்களா? மறுபடி மெஷின் சத்தம் கேக்குதே!" மகார் தாத்தாவின் குரல்.

நெல்லி இயந்திரத்தை நிறுத்தினாள். மூச்சைக்கூட நிறுத்தினாள். விரலை உதட்டில் வைத்து ரிம்மாவைப் பார்த்தாள், வாயைப் பிளந்து பஞ்சு அடைத்து மல்லாந்து கிடக்கிறவள் ஏதோ கத்திவிடப் போகிறாள் என்பதைப்போல. கொஞ்சம் கழித்து மறுபடி குடைந்தாள். மறுபடி தட்டினார்கள். நிறுத்தினால் அங்கேயும் நின்றது.

"ஏம்மா, உள்ள இருக்கீங்கன்னா இருக்கேன்னு சொல்லுங்க. பேயாயிருந்தாலும் பரவாயில்ல, பல்லைப் பிடுங்கத் தெரிஞ்ச பேயா இருந்தா சரி!"

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். பிறகு தாத்தா முனகினார். அந்த முனகல் வேறு. விளையாட்டெல்லாம் தீர்ந்துபோன ஒரு வயசாளி, விடியலிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல், கட்டை பெஞ்சில் உட்கார்ந்து முனகுவது அது.

"என்ன செய்யறது," என்று நெல்லி கிசுகிசுத்தாள். "கென்னாதி பாவ்லவிச் உத்தரவு. ரெண்டு கதவும் ஒரே நேரத்துல திறக்கக் கூடாதுன்னு. திறந்தா எனக்கு வேலை போயிடும்."

காலையில் அந்த முதியவர் தன் இடத்தை விட்டுக்கொடுத்ததால்தான் ரிம்மா உள்ளே போனாள். அவர் முனகுகிறார், இவள் பூட்ஸ் காசுக்கு மல்லாந்து கிடக்கிறாள். பல்லோ பாதி குடைந்து திறந்து கிடக்கிறது. இந்த நிலையில் எழுந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. சனிக்கிழமையும் தெரியும், வதீமும் தெரியும், விசில் அடிக்காத அந்தப் பெண்ணும் தெரியும்.

எழுந்தாள். கழுத்தில் கட்டிய துண்டோடு, வாயில் பஞ்சோடு, காலில் நீல உறையோடு நடந்து போய்க் குதிரையைக் கழற்றித் தரையில் வைத்தாள். தாழ்ப்பாளை இழுத்தாள்.

பச்சைச் சுவரும் பெஞ்சும் தெரிந்தன. பெஞ்சில் இருந்தவர்களுக்கு நாற்காலியும், ஊதா அங்கியும், அதற்கு அப்பால் சோபாவும், மீன் தொட்டியும், பனைமரமும் தெரிந்தன. சோபாவில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பெஞ்சைப் பார்த்தார்கள். தொட்டியில் மீன்கள் வாயைத் திறந்து மூடின.

"ஆகா," என்றார் மகார் தாத்தா. "டாக்டரம்மா வெளியே போயிட்டு வந்துட்டாங்க. வாசலைத் தாண்டாமலே போயிருக்காங்க பாரு. என்ன வேகம்! ஊதா கலர்ல வேற மாறிட்டாங்க."

அதற்குள் சத்தம் கேட்டுப் பின்தெருப் பக்கமிருந்து வாசனை வந்தது. வாசனைக்குப் பின்னால் கென்னாதி பாவ்லவிச் வந்தார்.

"என்ன இது? எதுக்கு இந்தக் கதவு திறந்திருக்கு? நெல்லி மார்கவ்னா! இந்த ஜனத்தொகையை யாரு உள்ள விட்டது?"

ரிம்மா பேச முயன்றாள். மரத்துப்போன உதடு ஒத்துழைக்கவில்லை, நூல் மாதிரி எச்சில்தான் வழிந்தது. அவர் அவளை மேலிருந்து கீழே பார்த்தார். கண்டுபிடித்துவிட்டார்.

"ஓ, இந்த அம்மாவோட வேலையா? சரி. இவங்களை நாற்காலியில ஏத்தாதீங்க. கட்டின பணத்தைத் திருப்பிக் கொடுத்துடுங்க. இலவசப் பக்கம்தானே பிடிச்சிருக்கு இவங்களுக்கு? நாளைக்கு அந்தப் பக்கமா வந்து பிடுங்கிட்டுப் போகட்டும்."

பல் பாதி திறந்து கிடக்கிறது, என் கண்ணுகளா. மரத்துப்போன உதட்டிலும் அந்தச் சொல் ரிம்மாவுக்கு உறைத்தது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெல்லி கருவியைக் கையில் வைத்துக்கொண்டு அவரையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அப்போது மகார் தாத்தா, துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அறையைக் கடந்து எட்டிப் பார்த்து சோபாவிடம் கேட்டார்:

"யார் கடைசி?"

"நான்," என்றாள் அல்பினா.

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பாவம், அவள் என்ன செய்வாள்! நரித்தோல் தொப்பி நேற்று வந்தது. சின்ன வயசில் அவளும் தன் அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு சர்க்கரைக்கு நின்றவள். அந்தக் கேள்வி காதில் விழுந்தால் பதில் தானாக வரும், தும்மல் வருவதுபோல. பேச்சு முடிந்தது. வரிசை பிறந்துவிட்டது, இரண்டு கூடத்துக்கும் சேர்த்து ஒன்று.

"அப்போ நியாயமா பேசுவோம்," என்றார் தாத்தா. "நீ எப்ப வந்தே, மகளே?"

"ரெண்டே முக்காலுக்கு," என்றாள் அல்பினா, சின்னக் குரலில்.

"நான் இருட்டுல வந்தேன். இதோ இவங்க எல்லாரும் எனக்குப் பின்னாடி. அப்போ நீ எங்க நிப்பே?"

அல்பினா பெஞ்சைப் பார்த்தாள், கணக்குப் போட்டாள். "அந்தப் பச்சை முக்காடு போட்ட அக்காவுக்கு அப்புறம்," என்றாள். எழுந்து போய் அந்த முக்காட்டுக்காரிக்குப் பக்கத்தில், சட்டம் போன பெஞ்சில் உட்கார்ந்தாள். மற்ற இருவரும் அவள் பின்னால் போனார்கள்.

கென்னாதி பாவ்லவிச் காலி சோபாவைக் காட்டிக் கத்தினார். "உங்களுக்குப் பைத்தியமா? நீங்க பணம் கட்டினவங்க! எந்திரிங்க!"

"பணம் கட்டினா என்ன? வரிசை வரிசைதான்," என்றாள் அல்பினா.

"நெல்லி மார்கவ்னா, கதவைச் சாத்துங்க. இந்த அம்மாவை அனுப்புங்க."

"அதெப்படி?" என்றாள் பச்சை முக்காட்டுக்காரி. "நாற்காலியில ஏறினவங்க முடிச்சுட்டுத்தான் இறங்குவாங்க. அவங்க இறங்காம எங்க முறை எப்படி வரும்? வரிசையைக் கலைக்காதீங்க!"

"வரிசையைக் கலைக்காதீங்க!" என்று பெஞ்சு முழுதும் சொன்னது.

நெல்லி ஒரு கணம் கண்ணை மூடினாள். பிறகு ரிம்மாவின் தோளைப் பிடித்து நாற்காலியில் சாய்த்து, புதுப் பஞ்சு எடுத்து வைத்தாள். "வாயைத் திறங்க, ரிம்மா சவேலியெவ்னா. அகலமா."

கென்னாதி பாவ்லவிச் போன் செய்ய வேண்டும் என்று நினைத்தார். யாருக்கு என்று யாருக்குத் தெரியும், ஆனால் அப்படிப்பட்டவர்கள் எப்போதும் யாருக்காவது போன் செய்வார்கள். அவருடைய அறையோ பச்சைச் சுவர் பக்கத்தில். குறுக்கே நாற்காலியும் வரிசையும். ஒரு அடி எடுத்து வைத்தார். கதவு வாசலில் அல்பினா எழுந்து நின்றாள்.

"எங்க போறீங்க?"

"விடுங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு கேட்கணும், அவ்வளவுதான்."

ஐயோ, என்ன வார்த்தை சொன்னார்! எங்கள் ஊரில் வரிசையை மீறி நுழைய நினைக்கிற ஒவ்வொரு அயோக்கியனும் சொல்லும் வார்த்தை அது. அதைக் கேட்டால் படுத்த படுக்கையாய் இருப்பவர்களும் எழுந்துவிடுவார்கள். பெஞ்சு முழுதும் எழுந்தது.

"எல்லாருக்கும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்கணும்!"

"கேட்கணும்னா பின்னாடி நில்லு!"

"விடியலேர்ந்து நிக்கிறோம், இவருக்கு மட்டும் கேட்கணுமாம்!"

"பல்லு வலிக்குதா, பாவ்லவிச்? வலிச்சா சொல்லுங்க, இடம் போட்டு வைக்கிறேன்," என்றார் மகார் தாத்தா. "நீங்க அல்பினாவுக்கு அப்புறம், அந்த ரெண்டு பேருக்கும் அப்புறம்."

அல்பினா கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலை அடைத்து நின்றாள். காசு கொடுத்து வந்தவள், அவருடைய பனைமரத்தின் கீழ் மிட்டாய் தின்றவள். அவளைத் தள்ள அவருக்குத் தைரியம் வரவில்லை. திரும்பினார். பின்தெரு வாசல் வழியாக வெளியேறி, கட்டிடத்தைச் சுற்றி முன்வாசலுக்கு நடந்தார். கோட்டைக் கோபத்தில் சோபாப் பக்கமே விட்டுவிட்டார். காலில் அவரே கட்டாயமாக்கிய நீலப் பிளாஸ்டிக் உறைகள். முழங்கால் வரை பனி. சன்னல் வழியே எல்லோரும் பார்த்தார்கள். அவர் நடந்த வழியெல்லாம் உறை வழுக்கி வழுக்கி, பனியில் வாத்து நடந்ததுபோல் தடம் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரிப்புக்குக்கூட ஒரு தகுதி வேண்டுமே.

ரிம்மாவின் பல் முடிந்தது. நெல்லி நீல விளக்கைக் காட்டிக் காட்டி, உடைந்த பாதியைக் கட்டி, தேய்த்து, கண்ணாடியைக் கொடுத்தாள். எது பழையது, எது புதியது என்று தெரியவில்லை. அடுத்து மகார் தாத்தா ஏறினார்.

"ஊசி இலவசத்துல இல்லைன்னு சொன்னாங்களே?"

"இன்னைக்கு இருக்கு," என்றாள் நெல்லி. "வாயை மூடாம பேசாதீங்க. இல்ல, பேசாம வாயைத் திறங்க."

அன்று இருட்டும் வரை அந்த நாற்காலி காலியாகவில்லை. நெல்லி கடைசி பஸ்ஸில்தான் ஊருக்குப் போனாள்.

கென்னாதி பாவ்லவிச் என்ன ஆனார் என்று கேட்கிறீர்கள். அப்படிப்பட்டவர்கள் விழுவதில்லை. மறுவாரம் பச்சைப் பக்கத்துக் கதவுக்குப் பூட்டுப் போட்டார். ஜனங்கள் அலட்டிக்கொள்ளாமல் பின்தெரு வழியாக வந்து, ஈர பூட்ஸோடு சோபாவில் உட்கார்ந்து, யார் கடைசி என்று கேட்டார்கள். மிட்டாயும் தின்றார்கள். நெல்லியை வெளியேற்றப் பார்த்தார்; அவளுக்குப் பதில் சோஸ்னோவ்காவிலிருந்து பனியில் வர வேறு யார் இருக்கிறார்கள்? கடைசியில் பனைமரத்தையும் மீன் தொட்டியையும் பொன்னெழுத்தையும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு வாடகைக் கட்டிடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே நாற்காலியைத் தானே வாங்க வேண்டியிருந்தது. மின்சாரத்துக்குத் தானே கட்ட வேண்டியிருந்தது. சொந்தக் கையிலிருந்து கொடுக்க வேண்டி வந்ததும் 'புன்னகை' கோடைகாலம் வரைகூடத் தாங்கவில்லை. இப்போதும் நம் மருத்துவமனையில்தான் இருக்கிறார். இரண்டு விரலைத்தான் கொடுக்கிறார். நம் ஜனங்கள் இப்போது அதையும் வாங்குவதில்லை.

ரிம்மாவா? வெள்ளிக்கிழமை சாயந்தரம் வதீம் கூண்டுக்கு வந்தான், கையில் அந்தத் தலைநகரத்துக் குரலை ஓட்டும் பெட்டி, வயர்கள். மேஜையில் வைத்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. மைக்கை அருகில் இழுத்தாள்.

"சோஸ்னோவ்கா, ஸெலோ ஸ்பாஸ்கோயே, ஸுகோய் ஸாத் வழியாகச் செல்லும் பேருந்து ஐந்தாம் மேடையில் நிற்கிறது. பயணிகள் ஏறிக்கொள்ளவும்."

ஒரு 'ஸ'கூடப் பிசகவில்லை. மேடையில் மூட்டைகள் எழுந்தன. வதீம் வயரைச் சுருட்ட ஆரம்பித்தான்.

"நாளைக்கு எட்டு மணி ஷிஃப்டு உங்களுது, ரிம்மா சவேலியெவ்னா," என்றான்.

"தெரியும். ஸ்பாஸ்கோயே பஸ் எட்டேகாலுக்கு," என்றாள் அவள்.

போய் வாருங்கள், என் செல்லங்களே, தேநீர் ஆறியிருக்கும். உங்கள் வீட்டில் ரொட்டி என்றும் மிருதுவாக இருக்கட்டும், அதைக் கடிக்கிற பற்கள் உறுதியாக இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் எந்த வாசலிலும் தலைகுனிந்து நிற்காமல் இருக்கட்டும். உங்கள் வீட்டில் நோய் வந்தால் அது வழி தெரியாமல் வந்ததாகவே இருந்து, வந்த வழியே திரும்பிப் போகட்டும்.